கல்லறை இல்லாத கவிஞரைத் தேடி: ரான்ஸ் டைரி

நாள் 1, வெள்ளி. பாரிஸ்ல இருந்து ரான்ஸ்

மொதல்ல ஊர் பேரைச் சொல்லிடறேன், இல்லாட்டி கடைசி வரைக்கும் குழப்பமாவே இருக்கும். மேப்ல பாத்தா ரீம்ஸ்னு படிக்கத் தோணும், நானும் போன வாரம் வரைக்கும் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன், ஆனா இங்க இருக்கறவங்க வாயில அது மூக்கால சொல்ற 'ரான்ஸ்'. பாரிஸ் கார் த லெஸ்ட் ஸ்டேஷன்ல ஏறினா முக்கா மணி நேரம்தான், ஜன்னலோரம் உக்காந்து ஒரு சாண்ட்விச்சைப் பிரிச்சுத் தின்னு முடிக்கறதுக்குள்ள ஊரு வந்துருச்சு.

எதுக்கு வந்தேன்னா, கியோம் த மஷோவுக்காக. 1300 வாக்குல பொறந்து 1377 ஏப்ரல்ல போய்ச் சேந்த மனுஷன். கவிதை எழுதுவாரு, அதுக்கு மெட்டும் அவரே போடுவாரு, ரெண்டுலயும் அந்தக் காலத்து பிரான்ஸ்ல அவருதான் பெரிய கை. ரெண்டு வருஷம் முன்னாடி நைட் ஷிஃப்ட்ல தூக்கம் வராம இருக்க எதையோ கேட்டுட்டு இருந்தப்ப 'தூஸ் தாம் ஜொலி'ன்னு ஒரு பாட்டு வந்துச்சு, ஒரே ஒரு குரலுக்கு எழுதின மெட்டு, வேற ஒண்ணும் கிடையாது, ஆனா கால் தானா தாளம் போட ஆரம்பிச்சுருச்சு, யாருடா இதுன்னு பாத்தா 14ஆம் நூற்றாண்டுன்னு போட்டிருக்கு. அன்னைக்குப் பிடிச்ச பைத்தியம் இன்னும் விடல.

தங்கறது பெரியம்மா பையன் வீட்ல. அண்ணன் பாண்டிச்சேரிதான், குடும்பத்துல ரெண்டு தலைமுறையா பிரெஞ்சு பாஸ்போர்ட், இங்க ஒரு லேப்ல வேலை. அண்ணிக்கு நான் வந்த காரணம் கேட்டதுல இருந்து சிரிப்பு அடங்கல.

"செத்து 650 வருஷம் ஆகப் போறவரைத் தேடி லீவு போட்டா வந்தீங்க தம்பி?"

"ஆமா அண்ணி."

"அவரு எங்க இருக்காராம்?"

"இங்கதான், கதீட்ரல்ல புதைச்சாங்க. ஆனா கல்லறை இல்ல."

"அப்ப எதைப் பாக்கப் போறீங்க?"

நல்ல கேள்வி. பதில் தெரியல, ரசத்தை ஊத்திக்கிட்டேன்.

நாள் 2, சனி. கதீட்ரல்

சனிக்கிழமையா பாத்துத்தான் வந்தேன், அதுக்கு ஒரு காரணம் இருக்கு, கடைசில சொல்றேன்.

கதீட்ரலைப் பத்தி நான் சொல்லித் தெரியணுமா. 1211ல கட்ட ஆரம்பிச்சது, உள்ள நின்னு மேல பாத்தா 38 மீட்டர், கழுத்து வலிக்கும். பிரெஞ்சு ராஜாக்களுக்குப் பட்டம் சூட்டிட்டிருந்த இடம் இதுதான். மஷோ வாழ்ந்த காலத்துலயே 1328ல ஆறாம் ஃபிலிப், 1350ல ரெண்டாம் ஜான், 1364ல அஞ்சாம் சார்லஸ்னு பல பட்டாபிஷேகம் இங்க நடந்திருக்கு. வெளில வாசல் பக்கம் சிரிக்கிற தேவதை சிலை இருக்கு, எல்லாரும் அது கூட செல்ஃபி எடுக்கறாங்க, 1914 செப்டம்பர்ல ஜெர்மன்காரன் குண்டு போட்டப்ப சாரம் எரிஞ்சு அந்தத் தலை கீழ விழுந்து துண்டு துண்டாப் போச்சு, அப்புறம் ஒட்ட வெச்சாங்க. மரத்தால செஞ்ச கூரை அப்பவே மொத்தமா எரிஞ்சுருச்சு. இப்ப மேல இருக்கறது கான்கிரீட்! நான் 250 படி மூச்சு வாங்க ஏறிப் போய்ப் பாத்தேன், ஆன்ரி தனோன்னு ஒரு ஆர்க்கிடெக்ட் சின்னச் சின்ன கான்கிரீட் துண்டுகளா வாத்து, மரச்சட்டம் கோக்கற மாதிரியே கோத்துக் கட்டியிருக்காரு, ராக்ஃபெல்லர் குடுத்த காசு, 1938ல திரும்பத் திறந்தாங்க. மஷோ அண்ணாந்து பாத்த வளைவுகளுக்கு மேல இன்னைக்கு கான்கிரீட் நிக்குதுன்னு நெனச்சா ஒரு மாதிரி இருக்கு.

சரி, மஷோ இங்க என்னவா இருந்தாரு? கேனன். அதாவது கதீட்ரலோட சொத்து, பூஜை, நிர்வாகம் எல்லாத்தையும் சேந்து நடத்தற குழுவுல ஒரு உறுப்பினர், அந்தப் பதவிக்கு நிலத்துல இருந்து ஒரு வருமானம் வரும். பாட்டு எழுதினா சாப்பாடு கிடைக்காது, அது அன்னைக்கும் அப்படித்தான், அதனால பெரிய இடத்துல வேலை பாக்கற எழுத்துக்காரங்களுக்கு இந்த மாதிரி சர்ச் பதவி வாங்கிக் குடுக்கறது வழக்கம். இவரோட மொதலாளி பொஹீமியா (இன்னைக்கு செக் நாட்டுல இருக்கற பகுதி) ராஜா ஜான், அவரு போப் கிட்ட கேட்டுக் கேட்டு இவருக்கு ஊடேன், வெர்தூன், அராஸ்னு அங்கங்க வாங்கிக் குடுத்து, கடைசில 1337ல ரான்ஸ் கிடைச்சுது. தம்பி ஜானும் பின்னால இங்கயே கேனன் ஆனாரு. ரெண்டு பேரும் இங்கயே வாழ்ந்து இங்கயே அடக்கம்.

நடுக்கூடத்துல நடந்துக்கிட்டே தரையைப் பாத்தேன். அந்தக் காலத்து ஃபிராங்க் ராஜா குளோவிஸுக்கு இங்கதான் ஞானஸ்நானம் குடுத்தாங்கன்னு ஒரு கல்லு இருக்கு. மஷோவுக்கு ஒண்ணும் இல்ல. ஒரு காலத்துல பித்தளைத் தகடோ என்னவோ ஒரு கல்வெட்டு வாசகம் இருந்திருக்கு, பிரதி எடுத்து வெச்ச புண்ணியத்துல வாசகம் மட்டும் தப்பிச்சுது. லத்தீன்ல எதுகை மோனையோட எழுதினது, கியோமும் அவர் தம்பி ஜானும் ஒரே இடத்துல சேந்து கிடக்காங்க, அவங்க நினைவா 300 ஃபுளோரின் பணம் வாங்கியிருக்கோம், அதுக்கு ஈடா சனிக்கிழமை சனிக்கிழமை 'ரூவெல்' பீடத்துல பூசை பாடும்போது அவங்க ஆத்மாவுக்காக ஜெபம் சொல்லணும். கொடுக்கல் வாங்கல் சுத்தமா இருக்கு பாருங்க, நம்ம ஊர் கோயில் கல்வெட்டுல விளக்கெரிக்க ஆடு விட்ட கணக்கு இருக்குமே, அதே தொனி. ரூவெல்னா வட்டக்கல்லு, நிக்காசியஸ் புனிதரைத் தலை வெட்டின இடம்னு நம்பிக்கை, அது பக்கத்துல மாதாவுக்கு ஒரு பீடம் இருந்துச்சு.

அந்த சனிக்கிழமை பூசைக்குத்தான் மஷோ தன்னோட 'நொத்ர் தாம் மெஸ்'ஸை, அதாவது மாதா பூசைக்கான இசையை, எழுதினாருன்னு ஆராய்ச்சி பண்ற சிலர் சொல்றாங்க, கல்வெட்டை வெச்சுப் பாத்தா எனக்கும் அது சரியாத்தான் படுது. 1360கள்ல எழுதினது, நாலு குரல், பூசைல மாறாம வர்ற ஆறு பகுதியையும் ஒரே ஆளு இசையமைச்சதா நமக்குத் தெரிஞ்ச முதல் வேலை இதுதான். அதுக்கு முன்னால ஆளாளுக்கு ஒரு பகுதி எழுதுவாங்க, கோயில்காரங்க சேத்து வெச்சுப் பாடுவாங்க.

அதுக்காகத்தான் சனிக்கிழமை. பீடமும் கிடையாது, ஒருத்தரும் பாடல, நான் தூண் பக்கத்துல ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஹெட்செட்டை மாட்டி அந்தப் பூசையோட முதல் பகுதி கிரியேயைப் போட்டேன். பழைய ராகம் ஒண்ணு, ஏற்கெனவே சர்ச்ல பாடிட்டிருந்த மெட்டு, அதை டெனர் குரல் இழுத்து இழுத்துப் பாடுது, அதுவும் ஒரு தாளக்கட்டுல அடைச்சு, அதே கட்டு திரும்பத் திரும்ப வருது, மேல ரெண்டு குரல் குதிச்சு விளையாடுது. முடியற இடத்துல ரெண்டு குரல் ஒரே நேரத்துல அரை சுரம் ஏறி உக்காரும் பாருங்க, எலுமிச்சங்காயைக் கடிச்ச மாதிரி ஒரு கூர்மை, முதல் தடவை கேட்டப்ப ஏதோ தப்பாப் பாடிட்டாங்கன்னே நெனச்சேன். அடுத்த பகுதி குளோரியால 'ஜேசு கிறிஸ்தே'ன்னு வர்ற இடத்துல அந்த ஓட்டமெல்லாம் நின்னு போய் நாலு குரலும் நீளநீளமா சேந்து நிக்கும். அந்த இடத்துல நான் கண்ணைத் திறந்து பாத்தா ஒரு குட்டிப் பையன் என் முன்னால நின்னு என்னையே பாத்துட்டு இருக்கான். அழுதுட்டு இருந்தேனோ என்னமோ தெரியல.

இன்னொண்ணு சொல்லணும். இந்தக் கூடத்துத் தரைல ஒரு பெரிய வழிப்புதிர் இருந்துச்சு, கல்லுல பதிச்ச சுழல் பாதை, மூலைகள்ல கதீட்ரல் கட்டின நாலு மேஸ்திரிங்க உருவம். 1779ல கேனன்களே அதைப் பேத்து எறிஞ்சுட்டாங்க, பசங்க அதுல விளையாடி பூசை நேரத்துல சத்தம் போடறாங்கன்னு! இப்ப பிரான்ஸ்ல எந்தப் பழைய கட்டடத்துக்குப் போனாலும் 'வரலாற்றுச் சின்னம்'னு போர்டுல ஒரு சதுர வடிவம் போட்டிருப்பாங்களே, அது இந்த வழிப்புதிரோட படம்தான். இருந்தவரைக்கும் தொந்தரவு, இல்லாமப் போனதும் சின்னம்.

நாள் 3, ஞாயிறு. மஷோ கிராமம், ரெத்தெல்

அண்ணனுக்கு லீவு, கார்ல கூட்டிட்டுப் போனாரு. ரான்ஸ்ல இருந்து கிழக்க வடக்க ஒரு 40 கிலோமீட்டர், ஆர்தென் மாவட்டத்துல மஷோன்னே ஒரு கிராமம் இருக்கு, நம்மாளு பேரு அங்க இருந்து வந்திருக்கும்னு சொல்றாங்க, அங்கயே பொறந்தாருங்கறதுக்கு ஆதாரம் கிடையாது. வழி பூரா சுண்ணாம்பு மண்ணு, உழுது போட்ட இடமெல்லாம் விபூதி பூசின மாதிரி வெளுத்துக் கிடக்கு, பீட்ரூட் வயல், காத்தாடி, வயல், காத்தாடி. ரான்ஸ் பக்கத்து ஷாம்பெயின் திராட்சைத் தோட்டம் எல்லாம் வேற பக்கம், இந்தப் பக்கம் சர்க்கரை பீட்தான்.

கிராமத்துல ஒரு சர்ச், நாலு தெரு, ஞாயித்துக்கிழமைங்கறதால ஒரு ஈ காக்கா இல்ல. ஊர் பேர்ப் பலகை முன்னால நிக்க வெச்சு அண்ணன் போட்டோ எடுத்தாரு. அஞ்சு நிமிஷம். ஒரு நாய் கொலைச்சுது. அவ்வளவுதான் மஷோ கிராமம்.

திரும்பற வழில ரெத்தெல்னு ஒரு டவுன், எய்ன் ஆத்தங்கரைல. அங்க நிறுத்தச் சொன்னது நான்தான், அதுக்குப் பின்னால ஒரு கதை இருக்கு. 1359 டிசம்பர்ல இங்கிலாந்து ராஜா மூணாம் எட்வர்ட் பெரும் படையோட வந்து ரான்ஸை வளைச்சுக்கிட்டாரு, ஏன்னா பிரான்ஸ் ராஜாவா பட்டம் கட்டிக்கணும்னா இந்தக் கதீட்ரல் வேணும். ஊர்க்காரங்க அப்பத்தான் மதில் சுவரை அவசர அவசரமா கட்டி முடிச்சிருந்தாங்க. குளிரு, மழை, ஒரு மாசத்துக்கு மேல உக்காந்து பாத்தும் கதவு திறக்கல, 1360 ஜனவரி 11ல எட்வர்ட் மூட்டையைக் கட்டிட்டுக் கிளம்பிட்டாரு. உள்ள மாட்டிக்கிட்டவங்கள்ல மஷோவும் ஒருத்தர், 60 வயசு. வெளில இருந்த இங்கிலீஷ் படைல ஒரு சின்னப் பையன் இருந்தான், இந்த ரெத்தெல் பக்கம் எங்கயோ சுத்திட்டிருந்தவனை பிரெஞ்சுக்காரங்க பிடிச்சு வெச்சுக்கிட்டாங்க, மார்ச் மாசம் ராஜா கஜானாவுல இருந்து 16 பவுண்டு குடுத்துத்தான் அவனை மீட்டாங்க. பையன் பேரு ஜெஃப்ரி சாஸர்.

அதே சாஸர்தான், இங்கிலீஷ் கவிதைக்கே அப்பான்னு சொல்றவரு. பிற்காலத்துல அவரு எழுதின முதல் பெரிய கவிதைல மஷோவோட வரிகள் கொத்துக் கொத்தா வருது, அப்படியே இங்கிலீஷாக்கி வெச்சிருக்காரு. மதிலுக்கு உள்ள கெழவர், வெளில அவரோட வருங்கால ரசிகன், நடுவுல ஒரு சுவரு. இதைக் கார்ல மூச்சு விடாம சொல்லிட்டு வந்தேன், அண்ணன் எல்லாத்தையும் கேட்டுட்டு, "சரிடா, 16 பவுண்டு அப்ப பெரிய காசா?"ன்னாரு.

ரெத்தெல்ல வெள்ளை சாஸேஜ் ஃபேமஸ், பூதான் ப்ளான். பன்னிக்கறி, பால், முட்டை போட்டு செய்யறது. அண்ணன் ரெண்டு பாக்கெட் வாங்கினாரு, அண்ணி அதை மிளகுத்தூள் போட்டு வறுத்தாங்க, பிரெஞ்சுக்காரன் பாத்தா கண்ணீர் விடுவான்.

நாள் 4, திங்கள். மழை

காலைல இருந்து மழை. அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போயாச்சு. குடையைத் தூக்கிட்டு போர்த் த மார்ஸ் வரைக்கும் போனேன், ரோமானியர் கட்டின மூணு வளைவு வாசல், 3ஆம் நூற்றாண்டு. ஷூவுக்குள்ள தண்ணி போயி சாக்ஸ் சொதசொதன்னு ஆயிருச்சு, பக்கத்துல ஒரு கஃபேல போய் உக்காந்தேன். ரான்ஸ்ல ரோஸ் கலர்ல பிஸ்கட் ஒண்ணு உண்டு, எதுலயாவது முக்கித்தான் சாப்பிடணும், சும்மா கடிச்சா சாக்பீஸ். காபில முக்கினேன், பாதி உள்ள விழுந்துருச்சு.

வெளில போக முடியாததால மஷோ கவிதைகளைப் பத்திக் கொஞ்சம் எழுதறேன்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அவரோட பட்டிமன்றம். நிஜமாவே பட்டிமன்றம்தான், 'பொஹீமியா ராஜாவின் தீர்ப்பு'ன்னு ஒரு நெடுங்கவிதை. காதலன் செத்துப்போன ஒரு பொண்ணு, காதலி வேறொருத்தன் கூடப் போயிட்ட ஒரு வீரன், இதுல யாரு துக்கம் பெருசுன்னு வழக்கு. நடுவர், மொதலாளி ஜான் ராஜா. தீர்ப்பு வீரன் பக்கம், காரணம் செத்தவங்களை மனசு மெல்ல மறந்துரும், உசிரோட இருக்கற துரோகத்தை மறக்க முடியாது. இதுக்கு அப்புறம் பொண்ணுங்க சும்மா விடுவாங்களா? சில வருஷம் கழிச்சு அவரே ரெண்டாவது கவிதை எழுதறாரு, 'நவார் ராஜாவின் தீர்ப்பு', அதுல ஒரு சீமாட்டி இவரைக் கூப்பிட்டு நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறா, தீர்ப்பு தலைகீழா மாறுது, தண்டனை என்ன தெரியுமா, மூணு பாட்டு எழுதணும். தன்னையே கோமாளியாக்கி தன் கவிதைக்குத் தானே மறுப்பு எழுதின ஆளு.

ஆனா அதே கவிதையோட ஆரம்பம் வேற மாதிரி. 1349, கொள்ளை நோய் வந்து பாதி ஊர் காலி. பொணத்தைக் குழில மொத்தமாப் போட்டது, ஆளே இல்லாம வயல் தரிசாக் கிடந்தது, தான் கதவைச் சாத்திட்டு வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தது, எல்லாம் எழுதறாரு, லாக்டவுன்ல இருந்த நமக்கு ஒவ்வொரு வரியும் புரியும். வசந்தம் வந்து ஒரு நாள் வெளில மேளச்சத்தம் கேக்குது, என்னன்னு பாத்தா நோய் போயிருச்சுன்னு ஜனங்க கொண்டாடறாங்க, இவரு குதிரையை எடுத்துட்டு முயல் வேட்டைக்குக் கிளம்பிடறாரு. அருமையான இடம். அதுக்கு நடுவுலதான், யூதர்கள் கிணத்துல விஷம் கலந்தாங்கன்னு அன்னைக்கு ஊரெல்லாம் பரவின பொய்யையும் அப்படியே உண்மை மாதிரி எழுதி வெச்சிருக்காரு. அந்தப் பொய்யால எத்தனை பேரை எரிச்சாங்க. பிடிச்ச ஆளுன்னு இதைத் தாண்டிப் போக என்னால முடியல, கஃபேல உக்காந்து அந்தப் பக்கத்தை ரெண்டு தடவை படிச்சேன், ரெண்டாவது தடவையும் கசப்பாத்தான் இருந்துச்சு.

அப்புறம் 'வ்வார் தீ', நிஜக்கதைன்னு அர்த்தம், 1360கள்ல எழுதினது. 60 தாண்டின கவிஞர், கால்ல வாதம், ஒரு கண்ணு தெரியாது, அவருக்கு ஒரு சின்னப் பொண்ணு ரசிகைக் கடிதம் அனுப்பறா, பதில் போடறாரு, 46 கடிதம், நடுநடுவே கவிதை, சிலதுக்கு சுரமும் சேத்து. ஒரு சீன் சொல்றேன். செர்ரி மரத்தடி, அவ இவர் மடில தலை வெச்சுத் தூங்கற மாதிரி கிடக்கா, இவரோட எழுத்தர் ஒரு பச்சை இலையைப் பறிச்சு அவ உதட்டு மேல வெச்சு, இலைக்குத்தான் முத்தம் குடுக்கறீங்க, குடுங்கங்கறான். கெழவர் பயந்து பயந்து குனியறாரு, கடைசி நொடில அந்தப் பாவி இலையை உருவிடறான். இது நடந்துச்சா இல்லையான்னு அறிஞர்கள் சண்டை போடட்டும், இலையை உருவின கையைக் கற்பனை பண்ணி எழுதினவன் கில்லாடி.

இன்னொரு விஷயம், முற்றுகைக் காலத்துக் கவிதை ஒண்ணு இருக்கு, நண்பன் ஆன்ரிக்கு எழுதின புலம்பல். வரி மேல வரி போடறாங்க, இந்த வயசுல என்னைக் கவசம் மாட்டிக்கிட்டு மதில்ல காவல் நிக்கச் சொல்றாங்கன்னு. ஜன்னல்ல மழையைப் பாத்தேன், இரும்புச் சட்டையோட ஒரு ஒத்தைக்கண்ணு கெழவர், இந்தக் குளிர்ல. பாவமாவும் இருந்துச்சு, சிரிப்பாவும் இருந்துச்சு.

நாள் 5, செவ்வாய். க்ரெசி

ரொம்ப நீளமான நாள், சுருக்கமா எழுதறேன். ரான்ஸ்ல இருந்து அமியான், அங்க இருந்து அப்வில், அங்க இருந்து டாக்ஸி. டாக்ஸிக்காரர் மீட்டரைப் பத்தி நான் பேச விரும்பல.

மொதலாளி ஜான் ராஜா செத்த இடம் இது. லக்ஸம்பர்க்காரர், பொஹீமியாவுக்கு ராஜா, ஆனா ஒரு இடத்துல உக்காரவே மாட்டாரு, போலந்து, லித்துவேனியான்னு எங்க சண்டைன்னாலும் கிளம்பிடுவாரு, அவரு பின்னாலயே மூட்டையைத் தூக்கிட்டு மஷோவும் செயலாளரா பல வருஷம் சுத்தினாரு. பிற்பாடு ராஜாவுக்கு ரெண்டு கண்ணும் போச்சு. 1346 ஆகஸ்ட் 26, இங்க பிரெஞ்சு படை இங்கிலீஷ் வில்லுக்காரங்க கிட்ட அடி வாங்கிட்டிருந்தப்ப, என்னைக் கூட்டிட்டுப் போங்க, ஒரு வெட்டாவது வெட்டறேன்னு கேட்டாராம். வீரர்கள் தங்க குதிரைக் கடிவாளத்தோட அவரோட குதிரையைச் சேத்துக் கட்டிக்கிட்டு உள்ள போயிட்டாங்க, மறுநாள் கட்டினபடியே செத்துக் கிடந்தாங்கன்னு அந்தக் காலத்து வரலாற்று எழுத்தாளர் ஃப்ரவாசார் எழுதி வெச்சிருக்காரு.

காத்தாலை இருந்த மேட்டுல மரத்துல ஒரு கோபுரம் கட்டி வெச்சிருக்காங்க, ஏறிப் பாத்தா வயல்தான். ஊருக்கு வெளில ரோட்டோரம் பொஹீமியா சிலுவைன்னு ஒரு பழைய கல் சிலுவை, மழைல தேஞ்சு தேஞ்சு முனையெல்லாம் மொழுமொழுன்னு ஆயிருச்சு. தொட்டுப் பாத்தேன், பாசி ஈரமா ஒட்டுச்சு. ராஜாவோட எலும்பு பட்ட பாடு தனிக்கதை, லக்ஸம்பர்க்ல புதைச்சு, அங்க இருந்து ஒரு தொழிலதிபர் வீட்ல ஒளிச்சு வெச்சு, அவங்க பிரஷ்யா இளவரசருக்குக் குடுத்து, அவரு பாறை மேல ஒரு சாப்பல் கட்டி, கடைசில 1946ல திரும்ப லக்ஸம்பர்க் கதீட்ரலுக்கே வந்துச்சு. மொதலாளிக்கு 600 வருஷம் அலைஞ்சாவது ஒரு கல்லறை கிடைச்சுது.

ராத்திரி பாரிஸ் ஹோட்டல்ல ஹீட்டர் வேலை செய்யல, ரெண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு இதை டைப் பண்றேன்.

நாள் 6, புதன். பாரிஸ், ரிஷல்யூ தெரு

பிரெஞ்சு தேசிய நூலகத்தோட பழைய கட்டடம். உள்ள ஓவல் ஹால்னு ஒண்ணு இருக்கு, யாரு வேணா போயி உக்காரலாம், காசு கிடையாது. மேல முட்டை வடிவக் கண்ணாடி, சுத்தி மாடி மாடியா புத்தகம். இதே கட்டடத்துல எங்கயோதான் மஷோவோட கையெழுத்துப் பிரதிகள் இருக்கு, 1584, 1585, 1586ன்னு வரிசை எண்ணே அடுத்தடுத்து. என்னை மாதிரி ஆளுக்கெல்லாம் அதை எடுத்துக் காட்ட மாட்டாங்க, நியாயம்தான். ஆனா நூலகம் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி காலிகாங்கற சைட்ல போட்டிருக்கு, அதனால அதே கட்டடத்துக்குள்ள உக்காந்து போன்லயே பாத்தேன். அண்ணன் கிட்ட சொன்னா, இதை வீட்லயே பாத்திருக்கலாமேடாம்பாரு.

1584. 1370கள்ல செஞ்சது, அவரு உசிரோட இருந்தப்பவே, ரான்ஸ்லயே செஞ்சிருக்கலாம். கிட்டத்தட்ட 500 தோல் இலை. ஆரம்பத்துல உள்ள அட்டவணைக்கு மேல ஒரு வரி இருக்கு: ஜி. த மஷோ தன் புத்தகத்துல இருக்கணும்னு விரும்பற வரிசை இது. அந்தக் காலத்துல பாட்டுக்காரன் பாட்டு எழுதுவான், அது வாய் வழியா போகும், யாரோ எங்கயோ தொகுப்பாங்க, பேரு இருந்தா உண்டு இல்லாட்டி இல்ல. இந்த மனுஷன் தன்னோட எல்லாத்தையும், நெடுங்கவிதை, பல்லாது, ரோந்தோ, மோட்டெட்னு அன்னைக்கு இருந்த பாட்டு வகைகள், மெஸ், எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்து, எது முன்னால எது பின்னாலன்னு தானே சொல்லி எழுத வெச்சிருக்காரு. வ்வார் தீ கடிதத்துல அந்தப் பொண்ணு கிட்ட புலம்புவாரு, என் புத்தகத்தை உனக்கு அனுப்ப முடியல, அது 20 துண்டுக்கும் மேல பிரிஞ்சு கிடக்கு, சுரம் எழுத வேண்டியிருக்குன்னு. காதல் கடிதத்துலயும் பைண்டிங் கவலை! தச்சன் பட்டறை மாதிரி அவரு வீட்ல தோல் கட்டு கட்டா கிடந்திருக்கும்.

அதனாலதான் அந்தப் பூசை முழுசா நம்ம கைல இருக்கு. கல்வெட்டு போச்சு, ரூவெல் பீடம் போச்சு, வழிப்புதிர் போச்சு, மரக்கூரை எரிஞ்சு போச்சு.

'மா ஃபான்'ன்னு அவரோட ரோந்தோ ஒண்ணையும் தேடிப் பிடிச்சேன். என் முடிவே என் தொடக்கம்னு ஆரம்பிக்கும், வார்த்தை சொல்றதையே சுரமும் செய்யும். மூணு குரல். ஒரு குரலோட மெட்டைக் கடைசில இருந்து திருப்பிப் பாடினா அதுதான் இன்னொரு குரல். மூணாவது குரலுக்குப் பாதிதான் எழுதியிருக்கு, அது வரைக்கும் பாடிட்டு அப்படியே பின்னால நடந்து வரணும், பாட்டோட வரிகளே அந்த விடுகதைக்கு விளக்கம். சம்பந்தர் மாலைமாற்று தெரிஞ்சவங்களுக்கு இந்தக் கிறுக்கு உடனே பிடிபடும், இங்க எழுத்துக்குப் பதிலா சுரம், அதுவும் மூணும் ஒரே நேரத்துல இனிமையா சேரணும். கணக்குப் புதிர் மாதிரி காஞ்சு போயிருக்கும்னு நெனச்சுக் கேட்டா, தாலாட்டு மாதிரி போகுது.

அவரு செத்ததும் அவரோட சிஷ்யன் மாதிரி இருந்த யூஸ்டாஷ் தெஷான் ரெண்டு இரங்கல் கவிதை எழுதினாரு, அதை ஆந்திரியோன்னு ஒருத்தர் நாலு குரலுக்கு இசையமைச்சாரு, ரெண்டு கவிதையையும் ஒரே நேரத்துல பாடறாங்க, கடைசி அடி வர்றப்ப எல்லாரும் சேந்து 'மஷோவின் மரணம்'ங்கறாங்க. அதை ஹெட்செட்ல போட்டு விட்டுட்டு, பக்கத்தைத் தள்ளிட்டே போனப்ப முகப்போவியம் வந்துச்சு. இயற்கைத் தாய் கிரீடம் வெச்சுக்கிட்டு தன்னோட மூணு பிள்ளைங்களை, அறிவு, சொல்வன்மை, இசை, மஷோ கிட்ட கூட்டிட்டு வர்றா, இந்தா, இவங்களை வெச்சு எழுதுன்னு. அவரு ஒரு சின்னக் கட்டடத்துப் பக்கத்துல நிக்கறாரு, தலை உச்சில மழிச்சு, நீள அங்கி.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அண்ணிக்கு அனுப்பினேன். கிடைச்சுட்டாரு அண்ணின்னு போட்டேன்.

ரெண்டு நிமிஷத்துல பதில் வந்துச்சு: "இவரா? விருந்தாளி மூணு பேர் வர்றாங்க, வீட்ல அரிசி இல்லையேங்கற மாதிரில்ல நிக்கறாரு."